பேக்கேஜ் ஏன் நிறுவப்பட மறுக்கிறது?

டெபியனிலோ உபுண்டுவிலோ ஒரு மென்பொருளை நிறுவப் போனால் சில நேரம் அதை நிறுவித்தரும் ஆப்ட் கருவி கைவிரித்துவிடும். சார்புகள் (அந்த மென்பொருள் இயங்கத் தேவையான மற்ற பேக்கேஜ்கள்) நிறைவேறவில்லை, உடைந்த பேக்கேஜ்களை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று பழியைப் பயனர் மேல் போடும். பெரும்பாலும் அவர் எதையும் நிறுத்தி வைத்திருக்கவே மாட்டார். லினக்ஸே கோளாறு என்று பலர் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். இந்த மறுப்பு எங்கே பிறந்தது என்று தேடிப் போனால் கதை வேறாக இருக்கிறது. 1993-ல் வந்த ஸ்லாக்வேர் என்ற லினக்ஸ் வழங்கலில் பேக்கேஜ் என்பது கோப்புகளைச் சுருக்கிக் கட்டியது, அவ்வளவுதான். எந்த லைப்ரரி வேண்டும் என்று நிறுவும்போது யாரும் கேட்கமாட்டார்கள். இயக்கும்போதுதான் குறை தெரியவரும். அதே ஆண்டு இயான் மர்டாக் தொடங்கிய டெபியன் வேறு வழியில் போனது. இயான் ஜாக்சன் 1994-ல் சி மொழியில் திருத்தி எழுதிய டிபிகேஜி என்ற நிறுவல் கருவி, பேக்கேஜ் தனக்குள் வைத்திருக்கும் குறிப்பைப் படித்து, எது தேவை, எந்தப் பதிப்பு தேவை, எதோடு ஒத்துப்போகாது என்று சரிபார்க்கும். இல்லாததைத் தேடி எடுத்துவர அதற்குத் தெரியாது. அந்த வேலைக்குத்தான் 1999 மார்ச்சில், டெபியன் 2.1-உடன் ஆப்ட் வந்தது. ஆக, மறுப்பு என்பது கோளாறல்ல. பின்னால் வரவிருந்த கோளாறை முன்கூட்டியே பிடித்ததன் அடையாளம்.

அப்படியானால் சார்பு ஏன் நிறைவேறாமல் போகிறது? பாதியில் மின்சாரம் போய் நின்ற நிறுவலை விட்டுவிடலாம். ‘டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’ பெரும்பாலும் அதைச் சரிசெய்துவிடும். மற்றவற்றில் சார்புச் சங்கிலியின் நுனியைப் பிடித்துக்கொண்டு போனால், பெரும்பாலும் வெளியார் பேக்கேஜ் களஞ்சியம் ஒன்றிலோ வேறு வெளியீட்டுக்காகக் கட்டிய டெப் கோப்பிலோ போய் நிற்கும். புதிய வெளியீட்டுக்காகக் கட்டிய நிரல் லிப்சி6 என்ற லைப்ரரியின் புதிய பதிப்பைக் கேட்கும். கணினியில் உள்ள ஏறக்குறைய எல்லா நிரல்களும் நிற்பது அந்த லைப்ரரியின் மேல்தான். ஒரு நிரலுக்காக அதை மாற்றினால் மற்றவையும் ஆட்டம் காணலாம். எந்தப் பதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை ‘ஆப்ட்-கேஷ் பாலிசி’ காட்டிக்கொடுக்கும்.

ஆப்ட் இன்னும் புத்திசாலியாக இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். ரொபெர்த்தோ தி கோஸ்மோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2006-ல் நிறுவியது இதற்குப் பதில்: ஒரு பேக்கேஜை நிறுவ முடியுமா என்ற கேள்வியே என்பி-முழுமை வகைச் சிக்கல், அதாவது எல்லா நிலைகளிலும் விரைவாகத் தீர்க்கும் வழி தெரியாத வகை. நடைமுறையில் பெரும்பாலும் விடை விரைவில் கிடைத்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் பொருந்தும் சேர்க்கையே களஞ்சியத்தில் இல்லாதபோது எந்தப் புத்திசாலித்தனமும் உதவாது. கணினியின் லைப்ரரிகளை நம்பாமல் வேண்டியதைத் தம்மோடே கொண்டுவரும் ஃபிளாட்பேக், ஸ்னாப் இருக்க இந்தத் தொல்லை எதற்கு என்பது வலுவான ஆட்சேபம். புதிய பதிப்பு கட்டாயம் தேவையென்றால் அன்னியக் களஞ்சியத்தைச் சேர்ப்பதைவிட அதுவே நல்லது என்பேன். ஆனாலும் 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பொது லைப்ரரியைப் புதுப்பித்து, ஓடிக்கொண்டிருந்த சேவைகளை மறுபடி தொடங்கியதும் அதை நம்பியிருந்த நிரல்கள் எல்லாம் காப்பாற்றப்பட்டன. தன் நகலை உள்ளேயே வைத்திருந்த ஒவ்வொரு நிரலையோ தனித்தனியாகத் திருத்த வேண்டியிருந்தது. சார்பைப் பகிர்வதன் பலன் அது. அதற்குக் கொடுக்கும் விலைதான் இந்த மறுப்பு.

ஆகவே, சார்புச் சோதனையை மீறச் சொல்லும் ‘ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ்’ போன்ற தெரிவுள்ள கட்டளையை எங்கிருந்தோ எடுத்து டெர்மினலில் ஒட்டாதீர்கள். முதலில் உங்கள் களஞ்சியப் பட்டியலைத் திறந்து, நீங்கள் பயன்படுத்தும் வெளியீட்டுக்குப் பொருந்தாத வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.