எத்தனை சோறு பதம்?

மருதமலை ரோட்டில் பத்துக்குப் பத்தில் ஒரு கடை. 1989ல் இரண்டு ரெமிங்டன் மெஷின்களோடு தொடங்கினேன். ஒன்று தமிழ், ஒன்று இங்கிலீஷ். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, ஜெராக்ஸ் வந்தது, பைண்டிங்கை எதற்கு வெளியில் கொடுக்க வேண்டும் என்று ஒரு கை பிரஸ்ஸும் வாங்கிப் போட்டேன். முப்பது வருடத்துக்கு மேலாக என் அடுப்பு எரிவது பிஎச்.டி. ஆய்வேடுகளால்தான். நான் படித்தது பி.காம். அதிலும் ஒரு பேப்பர் இன்னும் பாக்கி.

எங்கள் ரோட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லாலி ரோடு முக்கில் வேளாண் பல்கலைக்கழகம். சைதாப்பேட்டையில் இருந்த விவசாயக் கல்லூரி 1906ல் இங்கே இடம் மாறி வந்தது, 1971ல் பல்கலைக்கழகமானது. அதைத் தாண்டி வீரகேரளம் பக்கம் கரும்பு இனப்பெருக்க நிறுவனம். மலையடிவாரத்தில் பாரதியார் பல்கலைக்கழகம். ஊருக்குள் திரும்பினால் 1902லிருந்து இருக்கிற காஸ் வன அருங்காட்சியகம்; தெற்கே பேரூரில் தமிழ்க் கல்லூரி. கோயமுத்தூர் என்றால் மில்லும் மோட்டாரும் கிரைண்டரும்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஸ்கூட்டரில் அரை மணி நேரம் சுற்றினால் குரோமோசோமிலிருந்து கல்வெட்டு வரை பார்த்துவிட்டு வரலாம். அத்தனைக்கும் ரெக்சின் அட்டை போட்டுத் தங்க எழுத்து அடித்தவன் நான்.

ஒரு ஆய்வேட்டை முழுக்கப் படிப்பவர் யார்? கைடு அத்தியாயம் அத்தியாயமாகப் படிப்பார். தேர்வாளர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று நான் சொல்லக்கூடாது. டைப் அடிப்பவன் ஒருவன்தான் நன்றியுரையிலிருந்து கடைசிப் பட்டியல்வரை ஒரு எழுத்து விடாமல் பார்க்கிறவன். புரிந்து படித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் நெல்லும் சிலப்பதிகாரமும் நெசவுச் சாயமும் மாறி மாறிக் கை வழியே போனதில் ஒன்றைக் கவனித்தேன். எல்லோரும் ஏதோ ஒன்றை உண்மை என்று நிறுவத்தான் வருகிறார்கள். எவ்வளவு பார்த்தால் போதும் என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். என் அம்மா ஒரே ஒரு சோற்றை எடுத்துப் பார்த்து நான் கண்டதில்லை. விறகடுப்பில் தீ ஒரு பக்கம் தூக்கலாக எரியும். அதனால் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கரண்டியை அடிவரை விட்டு ஒன்று என்று எடுத்து விரலால் நசுக்குவார். இதை ஒருமுறை கடையில் சொன்னபோது புள்ளியியல் படிக்கும் பெண் ஒருத்தி, “அதுக்குப் பேரே இருக்குதுங்ணா, எங்க புஸ்தகத்துல ஒரு சாப்டரே அதான்” என்றாள். அம்மாவிடம் சொன்னேன். “சோறு வடிக்கறதுக்கு சாப்டராக்கு” என்றார்.

கரும்புக்காரர் ஒருவருக்கு நான் செய்த துரோகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காட்டுக்கரும்புக்கு விஞ்ஞானப் பெயர் சக்காரம் ஸ்பான்டேனியம். கம்ப்யூட்டருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. ஸ்பான்டேனியஸ் என்று மாற்றட்டுமா என்று கேட்டது. தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றையும் மாற்று என்று அமுக்கிவிட்டேன். இருநூற்றுச் சொச்சம் இடம். பைண்டிங்குக்கு முந்தின ராத்திரி பக்கத்தைப் புரட்டியவர், “என்னங்ணா இப்படிப் பண்ணிட்டீங்க” என்று அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். விடிய விடியத் திருத்தினோம். அந்த ராத்திரிதான் அவர் எனக்குக் கரும்பைச் சொல்லிக்கொடுத்தார்.

நாம் கரும்பைக் கரணை வெட்டி நடுகிறோம். ஒரு கரணையிலிருந்து வருவது அதே கரும்புதான், புது ரகம் வராது. புது ரகம் வேண்டுமென்றால் பூக்க வேண்டும், விதை பிடிக்க வேண்டும். வடநாட்டில் அது சரியாக நடப்பதில்லை. கோயமுத்தூர்ப் பருவத்துக்கு ஐப்பசி கார்த்திகையில் வெண்சாமரம் மாதிரி பூத்து, முளைக்கிற விதையும் பிடிக்கிறது. அதனால்தான் 1912ல் அந்த நிலையம் இங்கே வந்தது. அங்கே ஆராய்ச்சி செய்த பார்பரும் வெங்கட்ராமனும் சேர்ந்து, வெள்ளை என்ற சீனிக்கரும்போடு உள்ளூர்க் காட்டுக்கரும்பைக் கலந்தார்கள். சீவக்கட்டைக்குக்கூட ஆகாத அந்தக் காட்டுப்புல்லிடம் இருந்தது நோயும் வறட்சியும் தாங்குகிற வலு. அதிலிருந்து 1918ல் பஞ்சாபுக்குப் போனது கோ 205. ‘கோ’ என்றால் கோயமுத்தூர். ஜாவா சர்க்கரையை இறக்குமதி செய்துகொண்டிருந்த நாட்டின் கரும்புக் காட்டையே அந்த வரிசை ரகங்கள் மாற்றின. இங்கே கலந்த விதையைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பி, அங்கே தேர்ந்தெடுத்த ரகம் ஒன்று இருக்கிறது: என்.கோ. 310. ‘என்’ நேட்டால், ‘கோ’ நம்ம ஊர். அது தைவான்வரை போயிருக்கிறது. 1930களில் அதே நிலையத்தில் ஜானகி அம்மாள் மைக்ராஸ்கோப்பில் கரும்பின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார்; கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடக் கலந்து பார்த்தவர் அவர். பிறகு லண்டன் போய் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்லஸை 1945ல் வெளியிட்டார்.

கேட்கக் கதை மாதிரி இருக்கும். செய்கிறவர்களுக்கு அது எண்ணிக்கை. ஆயிரக்கணக்கில் நாற்று வளர்த்து, வருடா வருடம் கழித்துக் கழித்து, பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு ரகம் தேறினால் உண்டு. பானை நிறைய வடித்து, ஒரு சோற்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டுகிற வேலை என்று அவரிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். மணி மூன்று.

வேளாண்மைக்காரர்களின் அட்டவணைகளில் நட்சத்திரம் வரும். உரம் போட்ட பாத்தியையும் போடாத பாத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்ல விடமாட்டார்கள். ஒரு மூலையில் தண்ணீர் தேங்கியிருக்கும், ஒரு மூலையில் ஆட்டுப்பட்டி போட்டிருப்பார்கள். எந்த உரம் எந்தப் பாத்திக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும், அதையே மூன்று நான்கு தடவை திரும்பச் செய்ய வேண்டும். இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டெட் பண்ணையில் ஃபிஷர் 1920களில் வகுத்த முறை இது. உரத்தால் ஒன்றுமே ஆகாவிட்டாலும் தற்செயலாக இப்படியொரு வித்தியாசம் வருவது நூற்றில் ஐந்துக்கும் குறைவு என்றால் ஒரு நட்சத்திரம். ஒன்றுக்கும் குறைவு என்றால் இரண்டு. இரண்டும் இல்லையென்றால் என்.எஸ்., அதாவது சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

கோபிப் பக்கத்துப் பையன் ஒருவன். மூன்று பருவம் வெயிலில் நின்று எடுத்த கணக்கு. அட்டவணை அட்டவணையாக அடித்துக்கொண்டே போகிறேன், என்.எஸ்., என்.எஸ்., என்.எஸ். ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு நட்சத்திரம் வந்தது. எனக்கே சந்தோஷமாக இருந்தது. மறுநாள் வந்து, “அது தப்புங்ணா, கூட்டல் பிழை” என்று அதையும் எடுக்கச் சொன்னான். அவன் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை; அவனுக்கும் அது தெரியும். எடுத்தேன். பட்டம் வாங்கிவிட்டான், அந்த உரம் அந்த மண்ணில் வேலைக்காகாது என்பதும் ஒரு விடைதான் என்று கைடு சொன்னாராம். எத்தனையோ ஆய்வேடு கட்டியிருக்கிறேன், என் மனதில் முதல் வரிசையில் இருப்பது அந்த நட்சத்திரமே இல்லாத புத்தகம்.

இதற்கு நேர் எதிர் முனையில் கல்வெட்டுக்காரர்கள். நொய்யல் வடகரையில், சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர். 1985லிருந்து அங்கே தோண்டியிருக்கிறார்கள். சுப்பராயலு, ராஜன் போன்றவர்களின் பெயர்கள் அடிக்குறிப்பு அடிக்குறிப்பாக வரும். கல்மணி கோத்த பட்டறை, இரும்பு உருக்கிய உலை, படியூர்ப் பக்கத்துப் பச்சைக்கல், தமிழி எழுத்துக் கீறிய பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில். அந்த எழுத்துக்கு அப்போது என்னிடம் ஃபான்ட் கிடையாது. இடத்தைக் காலியாக விட்டு பிரின்ட் எடுத்து, ஊசிமுனைப் பேனாவால் கையால் வரைவேன். ‘ஆதன்’ என்ற பெயரை எத்தனை முறை வரைந்திருப்பேனோ. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருவன் தன் பானை என்று அடையாளம் கீறியதை வடவள்ளிப் பக்கத்தில் ஒருவன் டியூப்லைட் வெளிச்சத்தில் திரும்பக் கீறிக்கொண்டிருந்தான்.

ஓடுகளாவது நிறைய இருக்கின்றன. ஈரோட்டுப் பக்கம் அரச்சலூர் மலைக் குகையில் ஒரு கல்வெட்டு. 1960களின் தொடக்கத்தில் புலவர் செ. இராசு கண்டெடுத்தது. வரிக்கு ஐந்தாக ஐந்து வரி எழுத்துகள். இடவலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒன்றேபோல வரும் தாளக் கட்டு. எழுதிச் சேர்த்தவன் பெயரும் இருக்கிறது: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் மணியையும் காசையும் சோதித்துத் தரம் சொல்கிறவன். பகலில் கல்லை உரைத்துப் பார்த்தவன் தாளத்தையும் கட்டம் போட்டு வைத்திருக்கிறான். இதுபோல இன்னொன்று எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் எங்கே போவது? பானை எப்போதோ உடைந்துபோயிற்று, கையில் இருப்பது ஒரே ஒரு பருக்கை. அதை வைத்துத்தான் அடுப்பையும் அரிசியையும் சமைத்தவனையும் சொல்ல வேண்டும். சொல்கிறார்கள்; எழுத்தின் வளைவை, கல்லில் பொறித்த விதத்தை, பக்கத்து ஊர்ப் பெயரை வைத்து. நட்சத்திரம் போட முடியாத இடத்தில் ‘இருக்கலாம்’, ‘எனக் கொள்ளலாம்’ என்று நிதானமாக எழுதுகிறவரும் உண்டு. ஒரு பானை ஓட்டில் உலகத்தையே வடித்துப் பரிமாறுகிறவரும் உண்டு. யார் எப்படி என்று ‘லாம்’ எண்ணிக்கையை வைத்தே நான் சொல்லிவிடுவேன்.

ஆனைகட்டியில் பறவை ஆராய்ச்சிக்காரர்கள் இருக்கிறார்கள்; சலீம் அலி பெயரில் 1990லிருந்து நடக்கிற நிலையம். அவர்கள் கவலை வேறு. ஒரு பறவையை ஒருமுறை பார்த்தால் உண்டு என்று எழுதிவிடலாம். எத்தனை நாள் பார்க்காவிட்டால் இல்லை என்று எழுதலாம்? கணக்குக்காரர்களுக்கு இந்த வம்பே கிடையாது. அடுப்பே பற்றவைக்காமல், எந்தப் பானையிலும் எந்தச் சோறும் வெந்தே தீரும் என்று நாற்பது பக்கத்தில் நிறுவிவிட்டுப் போய்விடுவார்கள். மெலிந்த புத்தகம், ஒரு வரி அடிக்க ஒரு மணி நேரம்.

பேச்சுவழக்கு ஆராய வந்த பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொங்குச் சொற்களைச் சேகரிக்கிறாள். பெருமாள்முருகன் 2000த்தில் கொங்கு வட்டாரச் சொல்லகராதி போட்டபிறகு அந்தப் பக்கம் ஆள் வரத்து கூடியிருந்த சமயம். எங்கம்மாவிடம் பேசட்டுமே என்று வீட்டுக்கு அழைத்துப் போனேன். நோட்டையும் ரெக்கார்டரையும் பார்த்ததும் அம்மா ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல ஆகிவிட்டார். அந்தப் பெண் பின்பக்கத்தைக் காட்டி இதற்கு என்ன சொல்வீங்க என்றால் “கொல்லைப்புறம்” என்கிறார். ஜென்மத்தில் அம்மா வாயில் நான் கேட்காத சொல். சட்டையைக் காட்டினால் “மேலாடை”. விருந்தாளிக்கு “விருந்தினர்”. அந்தப் பெண் மரியாதையாக எழுதிக்கொண்டாள், முகம் வாடிப்போயிற்று. காபி குடித்து எழுந்திருக்கும்போது பின்பக்கமிருந்து ஒரு சத்தம். அம்மா நடுவீட்டிலிருந்தே கத்தினார்: “அடே, பொடக்காளிக்குள்ள கோழி பூந்திருச்சு பாரு, ஒறம்பரை வந்த ஊட்டுல இதையெல்லாம் தொறந்து போட்டுட்டு... அந்த அங்கராக்கை எடுத்து மேல போடுடா மொதல்ல!” மூன்றும் விழுந்தன. நல்லவேளை, அவள் ரெக்கார்டரை அணைக்கவில்லை.

சொல் விஷயத்தில் கேட்டாலே உண்மை ஓடிப்போய்விடும் போலிருக்கிறது. பிரெண்டா பெக் என்ற கனடாக்காரப் பெண்மணி 1960களில் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து ஏன் வருடக்கணக்கில் தங்கினார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. உடுக்கடித்துப் பாடிய அண்ணன்மார் கதையை இரவு இரவாக டேப்பில் பிடித்தவர். கொங்குக் குடியானவர் சமூகம் பற்றிய அவருடைய இங்கிலீஷ் புத்தகம் 1972ல் வந்தது. அந்தக் கதையைப் பக்கத்து ஊர்ப் பாடகர் வேறு மாதிரி பாடுவார். இரண்டில் எது சரி என்று அங்கே கேட்பதில்லை, இரண்டையும் எழுதிக்கொள்கிறார்கள். எத்தனை சோறு எடுத்தாலும் ஒவ்வொன்றும் ஒரு பதத்தில் இருக்கிற பானை அது.

இவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டு நான் அதிகம் பார்த்ததில்லை. கரும்பும் கல்வெட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது அகரவரிசையில்தான். அப்படி உட்கார வைத்ததும் நம் பக்கத்து ஆட்கள்தான் என்பது எனக்குச் சின்னப் பெருமை. அவினாசிலிங்கம் தொடங்கி வைக்க, பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து, 1954லிருந்து 1968 வரை பத்துத் தொகுதி தமிழ்க் கலைக்களஞ்சியம் வந்தது. அதற்கடுத்து அந்த மாதிரிக் கூட்டணி நடப்பது என் கடையில் பசை காயக் காத்திருக்கும்போதுதான்.

போன ஐப்பசியில் அப்படி ஒரு நாள். நல்ல மழை. பிரஸ்ஸில் இரண்டு புத்தகம் அமுங்கியிருக்கிறது. ஒன்று சோளம், ஒன்று நடுகல். இரண்டு பேருக்கும் மறுநாள் வைவா. ஸ்டூல் ஒன்றுதான் இருந்தது, அதனால் இருவரும் நின்றுகொண்டு ஒருவர் காப்பியை இன்னொருவர் புரட்டினார்கள்.

“இந்த எழுத்து எத்தனை கல்லுல பார்த்தீங்க?” என்றான் சோளக்காரன்.

“ஒண்ணுலதான்.”

“ஒண்ணே ஒண்ணா? எப்படிங்க விட்டாங்க உங்களை?”

நடுகல்காரி அவன் அட்டவணையில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். “நீங்க ஏங்க ஒரே சோளத்தை இத்தனை தடவை போட்டீங்க? முதல் தடவை நம்பிக்கை வரலையா?”

அவன் பதில் சொல்ல ஆரம்பித்தான். மழை விடவில்லை, பேச்சு எதிர்க்கடை டீக்கும் போண்டாவுக்கும் மாறியது. அவள் ஏதோ ஒரு கல்லை அவனுடைய ஆய்வேட்டின் முதல் பக்கத்து ஓரத்தில் வரைந்து காட்டுகிறாள், அவன் தலையைச் சாய்த்துப் பார்க்கிறான். போண்டா எண்ணெய் தலைப்புப் பக்கத்தில் வட்டமாக ஊறியிருப்பதை நான்தான் முதலில் பார்த்தேன். கம்ப்யூட்டரை மறுபடி போட்டேன். நல்லவேளை, அந்த ஒரு பக்கம்தான்.