முழக்கமும் வலிமையும்

ஒரு பொருளின் வலிமையை அதன் ஓசையால் அளப்பது மக்கட்கு இயல்பாயுள்ள பிழைகளுள் ஒன்றாகும். கொட்டு முழக்கோடு வருவதைப் பெரிதென்றும், ஓசையின்றி வருவதைச் சிறிதென்றும் கருதுகின்றோம். இதனை யான் நூல்வழி அறிந்திருந்தேன். எனினும், என் தம்பியின் உள்ளங்கையில் ஒரு தழும்பு உண்டாகுமளவும் உணர்ந்தேனில்லை. அவ்வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தது, நூல் கற்றதனாலேயே யாவும் கற்றுவிட்டோமென்று என்போல் எண்ணும் மாணவ நண்பர்க்கு ஒரு சிறிது பயன்படுமென்னும் எண்ணத்தாலேயாம்.

எங்கள் ஊர் காரிமங்கலம். தருமபுரியினின்று கிருஷ்ணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. குன்றின்மேல் அருணாசலேசுவரர் கோயில் விளங்கும் அவ்வூரைச் சுற்றிக் கருங்கற் பாறைகளும் குன்றுகளும் பலவாம். எங்கள் மாந்தோப்பிற்கு அப்பாலும் யானை படுத்தாற்போல ஒரு பாறை கிடக்கின்றது. என் தம்பி பதினான்கு வயதினன். தொலைவினின்று கம்பியின்றி இயக்கும் சிறு வண்டியொன்றை அப்பாறையின் உச்சிக்கு ஏற்றிவிட வேண்டுமென்பது அவனுடைய பேரவா. பாறையேறு வண்டி என்பது உண்மையான வண்டியிற் பத்தில் ஒரு பங்கு அளவாய்ச் செய்யப்படுவது. ஒரு முழத்திற்குச் சற்று மிகுந்த நீளமுடையது. நான்கு சக்கரங்களும் ஒருங்கே இழுக்கும். ஓட்டத்தில் முந்துவது அதன் நோக்கமன்று. கவிழாமலும் நழுவாமலும் ஆமைபோல் ஊர்ந்து மேலேறுவதே அதன் வெற்றியாம்.

இத்தகைய வண்டிக்கு உயிரூட்டும் வழிகள் இரண்டு. ஒன்று, நைட்ரோ என்னும் எரிபொருளால் இயங்கும் எஞ்சின்; மற்றொன்று, பாட்டரியால் இயங்கும் மின்மோட்டார். இரண்டு மாங்காய்ப் பருவங்களில் தோப்பில் உழைத்துப் பெற்ற கூலியைத் தம்பி ஓர் உண்டியலிற் சேர்த்து வைத்திருந்தான். அதனை என் கையிற் கொடுத்து, “அக்கா, நீ கல்லூரியிற் படிக்கின்றாய், எதனை வாங்கலாமென்று நீயே சொல்” என்றான். இரண்டின் இயல்புகளையும் அவன் எழுதி வைத்திருந்த குறிப்புப் புத்தகத்தையும் நீட்டினான். அதனை யான் விரித்தும் பார்த்தேனில்லை.

அதற்குச் சில நாட்களுக்கு முன் பெங்களூரில் ஒரு மைதானத்தே நைட்ரோ வண்டியொன்று ஓடுவதைக் கண்டிருந்தேன். அதன் முழக்கமும், பின்னே எழுந்த வெண்புகையும், ஆமணக்கெண்ணெய் எரிந்தாற்போன்ற மணமும் என் மனத்தைக் கவர்ந்துவிட்டன. மின்வண்டியோ குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகத் தோன்றிற்று. “வண்டியெனின் முழங்க வேண்டும்” என்று தீர்ப்பளித்தேன். திண்ணையில் இருந்த தாத்தா, “அம்மா, எஞ்சின் போடும் சத்தம் கிணற்றில் நீரைக் கூட்டாது” என்றார். அவர் இளமையில் எண்ணெய் எஞ்சினின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் நொந்தவர். தமிழ்நாட்டு உழவர்க்கெல்லாம் 1990-ஆம் ஆண்டில் கட்டணமின்றி மின்சாரம் வழங்கப்பட்ட பின்னர், அவ்வெஞ்சினை மூலையில் இட்டு மோட்டார் வைத்தவர். யான் நகைத்தேன். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் பயன்படுத்திய நைட்ரோ வண்டியை வாங்கி வந்தோம்.

அவ்வெஞ்சினின் அமைப்பு உண்மையிலேயே வியக்கத்தக்கது. மூன்று கன சென்டிமீட்டர் கொள்ளளவே உடையது. எனினும் நிமிடத்திற்கு 30,000 சுற்றுக்கு மேலும் சுழல வல்லது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் ஆகிய மூன்றும் கலந்ததே அதன் உணவு. அதன் தலையில் ஒரு சிறு பிளாட்டினக் கம்பிச்சுருள் உண்டு. ஒன்றரை வோல்ட்டு மின்கலத்தால் அதனை முதலிற் சிவக்கக் காய்ச்சிவிட்டால், பின்னர் எரிதலின் வெப்பமும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தைத் தொடுதலால் எழும் வெப்பமும் அக்கனலை அணையாது காக்கும். சமநிலத்தில் அவ்வண்டி அம்பெனப் பாய்ந்தது. தெருச் சிறுவர் ஆரவாரித்தனர். யானும் பெருமிதங் கொண்டேன்.

பாறையில் நிகழ்ந்ததோ வேறு. அவ்வெஞ்சின் விரைந்து சுழலும்போதே வலிமை தருவது. மெல்லச் சுழன்றால் வலிமை குன்றும். அதன் கிளச்சும் எஞ்சின் ஓரளவு விரைவு பெற்ற பின்னரே சக்கரத்தைப் பற்றும். ஆதலின், ஊர்ந்து செல்லுமாறு மெல்ல முடுக்கினால் கிளச்சு வழுக்கிச் சூடேறிற்று. மிக முடுக்கினால் வண்டி துள்ளிப் பாறையினின்று உருண்டது. சரிவில் நிற்கையில் எரிபொருள் வரும் அளவும் மாறி எஞ்சின் அணைந்தது. பின்னோக்கிச் செல்லும் கியரும் அதற்கு இல்லை. ஒன்பதாம் முறையோ பத்தாம் முறையோ வண்டி தலைகீழாய்க் கவிழ்ந்தது. எரிபொருள் ஒழுகிற்று. “எடு, எடு” என்று கூவியவள் யானே. தம்பி ஓடிச்சென்று பற்றினான். எஞ்சினின் தலை நூறு பாகைக்கு மேற்பட்ட சூட்டில் இருந்தது.

அஃது ஒரு டிசம்பர் மாதத்து நிகழ்ச்சி. கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று ஆலயத்தில் டோலக்கு வாசிக்க வேண்டியவன் அவன்; கையிற் கட்டுடன் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தான். எவரிடமும் என்னைக் குறை கூறவில்லை. அம்மௌனம் எனக்குப் பொறுத்தற்கரிதாயிற்று. அன்றிரவு அவன் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். “ஏறுவதற்கு மெதுவான வலிமை வேண்டும். எஞ்சின் மெதுவாக இருந்தால் வலிமை இல்லை. மோட்டார் நிற்கும்போதே வலிமை உண்டு” என்று பென்சிலால் எழுதியிருந்தான். அதன் கீழே, “அக்காவைக் கேட்க வேண்டும்” என்றும் இருந்தது. திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரம் முழுதும் எனக்கு மனப்பாடம். தன் வலிமையை எண்ணுமுன் செய்யப்புகும் வினையின் வலிமையை எண்ணுக என்று வள்ளுவர் கூறியதை ஒப்பித்துக் கைதட்டலும் பெற்றவள் யான். ஒப்பித்தவள் அறியாததை ஒப்பிக்காதவன் அறிந்திருந்தான்.

விடுமுறை முடியுமுன் இருவரும் அவ்வண்டியை மாற்றியமைத்தோம். எஞ்சினை விற்று, அப்பணத்தில் 55 சுற்று மோட்டார் ஒன்றும் பாட்டரி ஒன்றும் வாங்கினோம். கம்பிச்சுற்று மிகுந்த மோட்டார் விரைவிற் குறைந்து மென்மையிற் சிறந்தது. நேர்மின்னோட்ட மோட்டாரின் முறுக்கு விசை, அது நின்ற நிலையிலேயே மிகுதியாயிருந்து, சுழற்சி மிகுந்தோறும் குறையும். பாறையேறுதற்கு வேண்டுவது அதுவேயன்றோ? ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் மற்றது இழுக்குமாறு இரு பக்கத்து அச்சுகளையும் பிணைத்தோம். மோட்டார்க்குச் செல்லும் மின்னோட்டத்தை நிறுத்திய அளவிலே வண்டி சரிவிற் பல்லிபோல் ஒட்டிக்கொண்டு நின்றது.

தொலைவினின்று இயக்கும் கலையின் தொடக்கமே மின்சாரம் என்பதைப் பின்னரே அறிந்தேன். 1898-ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரில் நிக்கோலா டெஸ்லா கம்பியின்றி இயக்கிக் காட்டிய சிறு படகு பாட்டரியால் ஓடியதே. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நிலவில் இறங்கிய நம் நாட்டுப் பிரக்ஞான் ஊர்தியும் ஆறு சக்கரங்களை மின்மோட்டாரால் உருட்டி, நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே ஊர்ந்தது. காற்றில்லாத அவ்விடத்தில் எஞ்சின் எரியாது. முழக்கம் எழுந்தாலும் கேட்பதற்கு வழியில்லை.

நிற்க. நைட்ரோவை முற்றும் இகழ்தல் நேர்மையன்று. ஒரு நிமிடத்தில் எரிபொருள் நிரப்பி மீண்டும் ஓட்டலாம். பாட்டரியோ மின்னேற்றம் பெற ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் வேண்டுவது. எஞ்சினைச் செப்பஞ்செய்து பழகுவோன் எரிதலின் நுட்பத்தையெல்லாம் கற்றுக்கொள்வான். லித்தியம் பாட்டரிக்கும் சினம் உண்டு. அதன் ஓர் அறை 4.2 வோல்ட்டுக்கு மேற்படவும், 3 வோல்ட்டிற்குக் கீழ்ப்படவும் விடலாகாது. பிழைத்தால் உப்பும், தீயும் பற்றும். ஆதலின், மின்னேற்றுங்கால் அதனை ஒரு மண்சட்டியில் வைத்து அருகிலேயே காத்திருக்கின்றோம். புகையும் இல்லாமற் போகவில்லை; மேட்டூரில் நிலக்கரி எரியும் புகைபோக்கியில் அதன் ஒரு பங்கு எழுகின்றது. சமநிலத்தில் விரைதற்கு ஒன்று, பாறையில் ஏறுதற்கு மற்றொன்று. குற்றம் கருவியில் இல்லை, வினையை அறியாது கருவியைத் தேர்ந்த என்னிடத்திலேயே இருந்தது.

மின்வண்டியும் முதல் நாளில் உச்சியை அடையவில்லை. பாறை வெடிப்பிற் சக்கரம் சிக்கியபோது மோட்டாரின் வலிமையே அச்சை முறித்தது. தம்பி சோர்ந்தான். அப்போது எனக்குப் புறநானூறு நினைவிற்கு வந்தது. எங்கள் பகுதியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்டவன் அதியமான். அவன் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடுங்கால், மேடும் பள்ளமும் ஏறியிறங்கப் போகும் உப்பு வணிகர் தம் வண்டியின் அடியிற் கட்டிக்கொள்ளும் சேமஅச்சிற்கு ஒப்பிட்டார். இதனைக் கூறியதும் தம்பியின் முகம் மலர்ந்தது. “அக்கா, உன் பாட்டில் இதுவும் இருக்கின்றதா?” என்றான். மறுநாள் வண்டியின் அடியில் ஓர் அச்சு மிகையாய்க் கட்டப்பட்டிருந்தது.

அன்று மாலை வண்டி ஊர்ந்து ஊர்ந்து பாறையின் முதுகை அடைந்தது. ஆரவாரம் எதுவும் இல்லை. தோப்பிற் குயில் கூவியதும், சக்கரத்தின் ரப்பர் கல்லில் உராய்ந்ததும் தெளிவாய்க் கேட்டன. ஓரேப் மலையில் நின்ற எலியா, காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் நெருப்பிலும் ஆண்டவரைக் காணாது, பின்னர் வந்த மெல்லிய குரலில் அறிந்த வரலாற்றை ஞாயிறு பள்ளியிற் பலகாற் கேட்டுள்ளேன். அன்றே அதன் பொருள் என் நெஞ்சில் இறங்கிற்று. தம்பி கையசைத்து என்னை அழைத்தான்; உள்ளங்கையில் தழும்பு தெரிந்தது. இந்த ஆண்டுத் திருநாளில் அவன் டோலக்கு வாசிப்பான். யான் அவன் பக்கத்தில் அமர்ந்து, எத்தாளத்திற்கு எவ்வளவு ஓசை வேண்டுமென்பதை அவனிடமே கேட்டறிந்து பாடுவேன்.