கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

பள்ளிக்கூடம் போகிற வயதில் குடும்ப வரலாறு தேடக் கிளம்பினால் முதலில் வரும் பதில், "படிக்கிற வேலையைப் பாரு" என்பதுதான். மேலும் கேட்டால், "சொத்துல பங்கு கேக்கப் போறியா?" என்பார்கள். பதினாறு வயதில் எனக்கும் இதே பதில்கள்தான் கிடைத்தன. அன்று தொடங்கிய தேடலை இன்னும் விடவில்லை. பெரும்பாலான பெரியவர்களிடம் விவரம் இருக்கிறது. அது வெளியே வருகிற மாதிரி கேட்க நாம்தான் பழக வேண்டும்.

"கொள்ளுத்தாத்தா எந்த வருசம் செத்தார்?" என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். "தனுஷ்கோடிப் புயல் அடிச்சப்போ அவர் இருந்தாரா அப்பத்தா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லையே, அவர் போய்ச் சேர்ந்து உங்க பெரியப்பன் பொறந்தான், அதுக்கப்புறம்தான் புயலு" என்று பேச்சு நீளும். புயல் அடித்தது 1964 டிசம்பரில். பெரியப்பா பிறந்த ஆண்டு தெரிந்தால் எல்லை இன்னும் சுருங்கும்.

எழுத்தில் கிடைப்பதும் லேசில் பிடிபடாது. பழைய நோட்டில் ஒருவர் பிறந்தது 'தாது வருஷம் ஆவணி மாதம்' என்று இருக்கும். தாது 1876-லும் வந்தது, 1936-லும் வந்தது. பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வீடுகளில், பிறந்தது எந்தத் தலைமுறை என்ற குழப்பமும் சேர்ந்துகொள்ளும். பக்கத்தில் தேதியும் கிழமையும் எழுதியிருந்தால் பஞ்சாங்கத்தோடு ஒப்பிடலாம். அறுபது ஆண்டு கழித்து வரும் அதே தமிழ்த் தேதி அதே கிழமையில் விழாது. ஐந்தாறு நாள் தள்ளிப்போகும். நிலக் கணக்கில் பசலி ஆண்டு இருந்தால் 590-ஐக் கூட்டுங்கள். பசலி 1346 என்பது 1936 ஜூலையில் தொடங்கிய ஆண்டு.

என்னை மிகவும் சோர்வடையச் செய்தது பெண்களைத் தேடியதுதான். கிரயப் பத்திரத்தில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று ஆண்வழி வரிசையாகக் கிடைக்கும். கொள்ளுப்பாட்டி எந்த ஊர்ப் பெண் என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இருக்காது. எனக்குக் கைகொடுத்தது தாத்தா கல்யாணத்து மொய் நோட்டு. மஞ்சள் தடவிய முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அடுத்த வரியில் தாய்மாமன் மொய்: ஊர், பெயர், தொகை. தாத்தாவின் தாய்மாமன் என்றால் கொள்ளுப்பாட்டியின் உடன்பிறந்தவர். அவர் ஊர்தான் அவள் பிறந்த ஊராக இருக்க வேண்டும். அந்த ஊருக்குப் போய் விசாரித்தேன். அவள் பெயரைச் சொல்ல அங்கே ஆட்கள் இருந்தார்கள்.

அலமாரியில் இருக்கும் காகிதம் இன்னும் சில காலம் தாங்கும். மனிதர்கள் அப்படியல்ல. ஆகவே தம்பி, தங்கைகளே, வீட்டில் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். இருவர் வேறு மாதிரி சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். பின்னால் கிடைக்கும் ஒரு பத்திரம் எது சரி என்று காட்டலாம்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை நோட்டோடு வந்து உட்கார்ந்தால் விரட்டாதீர்கள். உங்கள் அம்மாவின் அம்மா பெயரையாவது சொல்லி அனுப்புங்கள்.