மிட்டா ரசீதும் அறுபதாம் படியும்

சென்ற மாதம் பேரனோடு குமாரமங்கலம் போய் வந்தேன். "எஸ்டேட் பாக்கப் போறோம்னு சொன்னீங்களே தாத்தா, இங்க மலையே இல்லையே" என்றான். அவனுக்கு எஸ்டேட் என்றால் ஏற்காட்டுக் காபித் தோட்டம். ரெவின்யூ இலாகாவில் முப்பத்தைந்து வருடம் பேனா பிடித்த எனக்கோ எஸ்டேட் என்றால் ஜமீன். 1948-ஆம் வருட எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தை நாங்கள் "இருபத்தாறு பார் நாற்பத்தெட்டு" என்றுதான் சொல்வோம்.

நம் சேலம் ஜில்லாவில் ஜமீன் என்பதைவிட மிட்டா என்ற சொல்தான் அதிகம். 1792-இல் திப்புவிடமிருந்து இந்தப் பகுதி கம்பெனி கைக்கு வந்ததும், ரீடும் அவருக்குக் கீழே மன்றோவும் வயல் வயலாக அளந்து குடியானவனிடமே நேரடியாக வரி வாங்கிப் பார்த்தார்கள். ரயத்துவாரி முறைக்கு வித்து விழுந்ததே இங்கேதான். ஆனால் பத்து வருடம் கழிவதற்குள் மேலிடம் மனதை மாற்றிக்கொண்டு, அதே நிலத்தை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் போட்டது. எடுத்தவர்கள் மிட்டாதார் ஆனார்கள். இன்றைக்கும் பல ஊர்களில் "மிட்டாதார் வீடு" என்றால் சின்னப் பையன்கூட வழி காட்டுவான்.

வழியில் சங்ககிரி. கீழிருந்தே கோட்டையைப் பார்த்துக்கொண்டோம். தீரன் சின்னமலையை 1805-இல் தூக்கிலிட்ட இடம். ஏறிப் பார்க்கப் பேரனுக்கு ஆசைதான். என் முழங்கால் சம்மதிக்கவில்லை.

குமாரமங்கலத்தில் வீட்டைப் பற்றி எழுதப் போவதில்லை. அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கமில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, அந்தக் குடும்பத்தைப் பற்றித் தெரிந்ததைப் பேரனுக்குச் சொன்னேன். டாக்டர் சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதல் மந்திரி. வகுப்புவாரி உத்தரவு அமலுக்கு வந்தது அவர் மந்திரி சபையில்தான். 1932-இல் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்ததும் அவரே. மனைவி ராதாபாய், லண்டனில் நடந்த முதல் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன இரண்டே இந்தியப் பெண்களில் ஒருவர். பிள்ளைகளில் ஒருவர் ராணுவத் தளபதி. மோகன் குமாரமங்கலமும் பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்டுகள்! ஜமீன் வீட்டில் வளர்ந்தவர்கள் "உழுபவனுக்கே நிலம்" என்று மேடையில் பேசினார்கள். மோகன் பிறகு இந்திரா காந்தி மந்திரி சபையில் உருக்குத் துறை மந்திரியாகி, 1973-இல் விமான விபத்தில் போய்விட்டார். அவர் மகன் ரங்கராஜன் நம் சேலத்து எம்.பி.யாக இருந்ததை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

இதையெல்லாம் சொல்லும்போதே எனக்குள் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அப்பா காலமான பிறகு சேலத்தில் இருந்த தாய்மாமன் வீட்டுக்கு வந்தவன். 1789 ஆகஸ்ட் நாலாம் தேதி இரவு பாரீஸ் பக்கத்தில் கூடிய சபையில் பிரபுக்கள் எழுந்து எழுந்து தங்கள் உரிமைகளை விட்டுக்கொடுத்த கதையை வாத்தியார் சொல்லச் சொல்ல, ஒரு பிழை இல்லாமல் எழுதிப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். அந்த இரவில் ஒழிந்ததாகச் சொன்ன பாக்கிகள் பல உண்மையில் ஒழிய 1793 வரை ஆயிற்று என்பது பாடத்தில் இல்லை. அதை நானாகப் பின்னால் படித்தேன்.

1978 என்று நினைக்கிறேன். ஒரு தாலுகா ஆபீசில் கிளார்க். இந்தப் பக்கத்து மிட்டா ஒன்றில் மூன்று தலைமுறையாக உழுத ஒரு பெரியவர் வந்தார். சட்டம் வந்து முப்பது வருடம் ஆகியும் அவர் ஒன்றரை ஏக்கருக்குப் பட்டா வரவில்லை. வேட்டி மடிப்பிலிருந்து ஒரு ரசீதை எடுத்தார். மிட்டாவில் கிஸ்து கட்டியதற்கான ரசீது. மடித்து மடித்து நாலு துண்டாகி, சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார்.

"மிட்டாதான் ஒழிஞ்சு போச்சே பெரியவரே, அந்த ரசீது எப்படிச் செல்லும்?" என்றேன்.

"நிலம் ஒழியலீங்களே சாமி" என்றார். நான் பதில் சொல்லவில்லை. "வேணும்னா செங்கோட்டுமலை அறுபதாம் படியில வந்து சத்தியம் பண்றனுங்க" என்றார்.

"இங்க சத்தியம் செல்லாது. காகிதம்தான் செல்லும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் கொண்டுவந்ததும் காகிதம்தான். அனுபோகத்துக்கு அது ஒரு சான்று என்று நாலு வரி குறிப்பு எழுதி மேலே வைத்திருக்கலாம். பட்டா கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம். ஃபைலாவது நகர்ந்திருக்கும். அவர் மறுபடி வரவில்லை. நானும் தேடவில்லை, அடுத்த வருடம் எனக்கு மாற்றல்.

திரும்பும்போது புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் சற்று நின்றோம். 1925-இல் அங்கிருந்த ஜமீன்தார் கொடுத்த நிலத்தில் ராஜாஜி தொடங்கியது. கல்கி உடனிருந்து 'விமோசனம்' பத்திரிகைக்கு உழைத்ததும் அங்கேதான். அதைத் தனியாக ஒருநாள் எழுதுகிறேன்.

கடைசியாகத் திருச்செங்கோடு. மலைக்கு மேலேயே கார் போகும். இருந்தாலும் படி வழியாகப் போகலாம் என்றேன். பேரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான், சங்ககிரியில் மறுத்த ஆள்தானே. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம். கடன், பாகப் பிரிவினை, நில வழக்கு என்று எத்தனையோ தகராறுகள் அறுபதாம் படியில் சத்தியத்தோடு தீர்ந்திருக்கின்றன. பொய்ச் சத்தியம் செய்ய அங்கே யாரும் துணிய மாட்டார்கள் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. அங்கே வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

"முடியலையா தாத்தா?"

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவர் பேர் என்ன?" என்றான்.

எவ்வளவு யோசித்தும் பேர் வரவில்லை. சர்வே நம்பர் மட்டும் ஞாபகம் இருந்தது. சொன்னேன். செல்போனில் குறித்துக்கொண்டான்.