கிராம்புத் தைலம்

சாலைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மூக்கே வழிகாட்டி. கண்ணை மூடிக்கொண்டு கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நடந்தாலும், இது மிளகு மண்டி, இது பூக்கடை, இது மருந்துக்கடை என்று சொல்லிவிடலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த இத்தெருவில் தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறார்கள். என் தந்தையாருடையதும் அத்தகைய ஒரு சிறு நாட்டுமருந்துக் கடை. விலங்கியல் துறையில் சேர்ந்து ஓராண்டு வரையில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், "வியாபாரம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

எனக்குக் கிடைத்த ஆய்வுப்பொருள் மீனின் குடலில் வாழும் தட்டைப்புழு. வேளிக் காயல் மீன்களை வாரக்கணக்கில் அறுத்துப் பார்த்ததில் ஆறே புழுக்கள் அகப்பட்டன. ஒவ்வொன்றும் அரிசிக் குருணை அளவு. இப்புழுவை முழுதாகக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் சாயம் ஊட்டவேண்டும். பிறகு 30, 50, 70, 90 விழுக்காடு என்று படிப்படியாகக் கடுமை கூடும் ஆல்கஹாலில் இட்டு, உடலில் உள்ள நீரை வெளியேற்ற வேண்டும். கடைசியில் நீரே இல்லாத ஆல்கஹால். இவ்வளவும் முடிந்த பின் தெளிவாக்கும் திரவம். எங்கள் கூடத்தில் அது சைலீன்.

அது ஆடி மாதம். மழை ஓயவில்லை. நீரற்ற ஆல்கஹால் காற்றின் ஈரத்தைக் குடிக்கும் இயல்புடையது. நானோ புட்டியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பேன். சைலீனில் இட்டதும் என் புழு பால்போல் வெளுத்தது. சைலீனும் நீரும் சேரா. உடலில் எஞ்சியிருந்த நீர் நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடித்தது. மீண்டும் ஆல்கஹால், மீண்டும் சைலீன் என்று மாற்றி மாற்றிப் போட்டதில் புழுக்கள் விறைத்து நொறுங்கின. ஆறில் மூன்று போயின. சைலீன் நெடியால் வந்த தலைவலி ஒருபுறம். இனி ஆய்வேட்டில் எதை எழுதுவது என்ற கவலை மறுபுறம்.

பேராசிரியர் கடிந்துகொள்ளவில்லை. "கிராம்புத் தைலம் போட்டுப் பாருங்கள். அது சிறிதளவு நீரைப் பொறுத்துக்கொள்ளும், 95 விழுக்காடு ஆல்கஹாலிலிருந்தே நேராக மாற்றலாம்" என்றார். கூடத்துப் புட்டி காலியாக இருந்தது. "சாலையில் கிடைக்கும்; நல்லதாகப் பார்த்து வாங்கத் தெரிந்தவர் யாராவது உண்டா?" என்று கேட்டார். நான் தலைகுனிந்து நின்றேன்.

அன்றிரவு கடையில் அப்பாவிடம் கேட்டேன்.

"எதுக்கு மக்ளே, பல்வலியா?"

புழுவின் கதையைச் சொன்னேன். அவர் இரண்டு புட்டிகளை எடுத்தார். ஒன்று அந்த வாரம் வந்தது, மற்றொன்று பழையது. வெள்ளைத் தாளில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு விட்டார். சொட்டு விழுந்த இடங்கள் இரண்டிலும் தாள் கண்ணாடிபோல் தெளிந்து, அடியிலிருந்த கணக்கேட்டின் வரிகள் தெரிந்தன. தாளை விளக்கின் சூட்டருகே வைத்துவிட்டு, "காலையில பாரு" என்றார். காலையில் ஒரு சொட்டு ஆவியாகி, தாள் மீண்டும் வெளுத்திருந்தது. மற்றொன்றின் வட்டம் எண்ணெய்ப் பிசுக்காக அப்படியே நின்றது. "இதுல ஏதோ சமையல் எண்ணெய் கலந்திருக்கு" என்று, பணம் கொடுத்து வாங்கிய அந்தப் புதுப் புட்டியை விற்பனைக்கு வைக்காமல் ஓரமாக ஒதுக்கினார்.

வகுப்பில் பலமுறை கேட்டும் விளங்காதது எனக்கு அந்தத் தாளில் விளங்கியது. தாள் வெள்ளையாகத் தெரிவது அதன் நார்களுக்கு இடையே காற்று இருப்பதால். காற்றின் ஒளிவிலகல் எண் 1. நாருடையது ஏறத்தாழ 1.5. இவ்வளவு வேறுபாடு இருப்பதால் ஒளி ஒவ்வொரு நாரிலும் திரும்பிச் சிதறுகிறது. காற்றின் இடத்தைத் தைலம் நிரப்பினால் வேறுபாடு மறைந்து, ஒளி நேரே ஊடுருவுகிறது. புழுவின் உடலிலும் இதுவேதான். நீரின் எண் 1.33, உலர்ந்த திசுவினுடையது 1.53-ஐ ஒட்டியது, கிராம்புத் தைலத்தினுடையதும் ஏறத்தாழ அதுவே. தெளிவாக்குதல் என்றால் அழுக்கை அகற்றுவது என்று எண்ணியிருந்தேன். உள்ளே இருப்பதையும் அதைச் சூழ்ந்திருப்பதையும் ஒரு நிலைக்குக் கொண்டுவருவதுதான் அது.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஸ்பால்ட்டேஹோல்ட்ஸ் என்னும் உடற்கூற்று அறிஞர், மனித உறுப்புகளையே கண்ணாடிபோல் ஆக்கும் முறையை 1911-இல் நூலாக வெளியிட்டார். அவர் கையாண்டவற்றுள் ஒன்று, நம் வலித்தைலங்களில் மணக்கும் விண்டர்கிரீன் எண்ணெயின் முதற்பொருள். 2013-இல் ஸ்டான்ஃபோர்டு அறிஞர்கள் எலியின் மூளை முழுவதையும், கொழுப்பை நீக்கி, ஒளி ஊடுருவும்படி செய்து காட்டினார்கள். முறைகள் மாறினாலும் அடிப்படை என் தந்தையாரின் தாளில் இருந்ததே.

பழைய புட்டித் தைலத்தில் மூன்று புழுக்களையும் இட்டேன். மெல்ல மெல்ல, ஓரத்திலிருந்து நடு நோக்கி, அவை தெளிந்தன. நெடுநேரம் வைத்தால் திசு நொறுங்கும் தன்மை அடையும் என்பதால் உரிய நேரத்தில் எடுத்து, சைலீனில் ஒருமுறை அலசித் தகட்டில் ஏற்றினேன். ஒட்டுறிஞ்சியும், சினைப்பையும், கருப்பையில் வரிசை வரிசையாக முட்டைகளும் தெரிந்தன. பேராசிரியர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "தைலம் எங்கே வாங்கினீர்கள்?" என்றார்.

"எங்கள் கடையில், ஐயா. என் அப்பா சாலையில் மருந்துக்கடை வைத்திருக்கிறார்."

சொல்லி முடித்த பிறகுதான் அதைச் சொல்வது இவ்வளவு எளிது என்று தெரிந்தது.

அவர் இசைவுடன் ஒரு தகட்டை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோனேன். குங்குமப்பூவைச் சோதிக்கும் தம் உருப்பெருக்குக் கண்ணாடியை அப்பா எடுத்து, தகட்டை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இத்தனூண்டுக்குள்ள இவ்வளவு இருக்கா மக்ளே!" என்றார். பிறகு தகட்டை வேட்டி நுனியால் துடைத்து, பத்திரமாக என் கையில் தந்தார்.

ஆய்வேட்டின் நன்றியுரையில் பேராசிரியர் பெயருக்கு அடுத்ததாக அப்பாவின் பெயரை எழுதினேன். அதன் கீழே தொழிலையும் எழுதினேன்: நாட்டுமருந்து வணிகர், சாலை.