அளக்காமல் எழுதிய எண்கள்

பெயிண்டர் மேல் பழி விழுந்தபோது நான் வாய் திறக்கவில்லை. தவறு என்னுடையது. முழுவதையும் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

புதுச்சேரி ஒயிட் டவுனில் பழைய வீடு ஒன்றை விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தோம். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையிலிருந்த பழைய நகராட்சிக் கட்டடமான மேரி இடிந்து விழுந்ததிலிருந்து, வீட்டுக்காரருக்கு மர உத்திரங்கள் மேல் நம்பிக்கை இல்லை. தேக்கை இறக்கிவிட்டு இரும்பு ஏற்றினோம். இரும்புக்குத் தீத்தடுப்புப் பூச்சு. மேற்பார்வைப் பொறியாளர் நான்.

காய்ந்த பிறகு அது சாதாரண பெயிண்ட் போலத்தான் தெரியும். சூடு 200 டிகிரியைத் தாண்டிப் போகும்போது வேலையைத் தொடங்கும். அதிலுள்ள அமோனியம் பாலிபாஸ்பேட் அமிலமாகி, கூட இருக்கும் பொருளைக் கரியாக்கும். மெலமைனிலிருந்து கிளம்பும் வாயு அந்தக் கரியைப் பூரி போல உப்ப வைக்கும். குமிழிகளில் அடைபட்ட வாயு வழியாக வெப்பம் மெதுவாகத்தான் நகரும். ஆனால் சூடு ஏற ஏற, குமிழியின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு வெப்பம் கதிராகப் பாயும். குமிழி பெரிதானால் பாய்ச்சலும் அதிகம். ஆகவே பூச்சு வெப்பத்தை நிறுத்துவதில்லை, தாமதப்படுத்துகிறது. ஆட்கள் வெளியேற அந்தத் தாமதம்தான் உண்டு. இத்தகைய பூச்சுகளைச் சோதிக்கும் உலையில் சூடு 5 நிமிடத்தில் 576 டிகிரி, 30 நிமிடத்தில் 842 டிகிரி. இரும்போ 550 டிகிரி வாக்கிலேயே தன் பலத்தில் கணிசமான பங்கை இழந்துவிடும்.

மெல்லிய சட்டத்தில் உலோகம் குறைவு. அதோடு ஒப்பிட்டால் தீ படும் பரப்பு அதிகம். அது சீக்கிரம் சூடேறும். அதனால் மெல்லிய சட்டத்துக்குத்தான் கனமான பூச்சு வேண்டும். பூச்சோடு வந்த அட்டவணையில் இது தெளிவாக இருந்தது. நான் அதைப் படித்தவன்.

"சார், பெரிய பீமுக்கும் சின்ன சட்டத்துக்கும் ஒரே கோட்டிங்தானா?" என்று சாரத்தில் நின்றபடி பெயிண்டர் கேட்டார். என்னைவிட வயதில் மூத்தவர். எல்லோர் முன்னாலும் கேட்டது எனக்குச் சுருக்கென்றது. அவர் கேட்டது சரி என்று அந்த நொடியே தெரிந்தது. "சொன்னதைச் செய்யுங்க" என்றேன். அட்டவணையைத் திறந்திருந்தால் தோற்றிருப்பேன். அதனால் திறக்கவில்லை.

பிறகு செய்தது இதைவிட மோசம். பூச்சின் கனத்தை அளக்கும் மைக்ரான் கேஜைப் பெரிய பீம்களில் மட்டும் வைத்தேன். சிறிய சட்டங்களுக்கு, அட்டவணை கேட்கும் அளவுகளை நானே அறிக்கையில் எழுதி நிரப்பினேன். கையெழுத்துப் போட்டேன்.

ஒருநாள் விடுதியின் சமையலறையில் எண்ணெய் பற்றிக்கொண்டது. பெரிய பீம்கள் தாங்கின. சிறிய சட்டங்கள் தொய்ந்து, மேல்தளத்தின் ஒரு மூலை இறங்கியது. வெளியே ஓடிக்கொண்டிருந்த சமையல் உதவியாளரின் கால் அதில் நசுங்கியது. அவரால் இன்றும் அடுப்பருகே வெகுநேரம் நிற்க முடியாது. நின்றால்தான் அவருக்குக் கூலி.

பெயிண்டர் பூச்சில் கைவைத்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. என் அறிக்கையில் அளவு சரியாக இருந்ததால் அதை எல்லோரும் நம்பினார்கள். அவருக்கு வரவேண்டிய பாக்கி நின்றது. வேலைக்குக் கூப்பிடுவதையும் நிறுத்தினார்கள். பெயர் கெட்டுவிடும் என்று பயந்து நான் சும்மா இருந்தேன். அந்த மௌனம் கவனக்குறைவில் சேராது. தெரிந்தே செய்தது.

அவர் ஒரு துளிகூடக் குறைக்கவில்லை. நான் சொன்ன அளவைத்தான் பூசினார். பொய் எழுதியவன் நான்.