சிவப்புப் பள்ளியைக் கட்டின 'படிக்காத' மனிதர்

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் நிற்கிற சிவப்புப் பள்ளியைத் தெரியாதவர்கள் குறைவு. கொழும்புக்கே போகாதவர்கள்கூட இன்ஸ்டாகிராமில் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாக, மாதுளம்பழத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரிக் குவிமாடங்களோடு நிற்கும். ஜாமிஉல் அல்ஃபார் என்பது முறையான பெயர். சிங்களத்தில் ரத்து பள்ளிய. பழைய ஆட்களுக்குச் சம்மாங்கோட்டார் பள்ளி. 1908இல் தொடங்கி 1909இல் முடிந்த கட்டடம். இவ்வளவும் பெரிதாகத் தேடாமலே கிடைக்கும். கட்டினது ஆர் என்று கேட்டால்தான் கதை நின்றுபோகுது.

பெயர் இருக்கு. ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. ஆனால் நாங்கள் பார்த்த பயணக் கையேடு, பத்திரிகைக் கட்டுரை, வலைத்தளம் எல்லாவற்றிலும் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரே வாக்கியந்தான் திரும்பத் திரும்ப வருகிறது: முறையாகப் படிக்காத கட்டடக் கலைஞர் ஒருவர், தென்னிந்திய வியாபாரிகள் கொடுத்த இந்தோ-சரசனிக் கட்டடங்களின் படங்களையும் விபரங்களையும் வைத்து இதைக் கட்டினார். ஒரு மனிதனின் தொழில் வாழ்க்கை முழுவதும் ஒரு வரிக்குள். அதிலும் முதல் அடைமொழி 'படிக்காத'.

அந்தச் சொல்தான் எங்களுக்குத் தொண்டையில முள்ளு மாதிரி நின்றது. நாங்கள் மூன்று பேர், கலைப்பீடம், வரலாறு ஒரு பாடம். ஒருவரின் தொழிலைப் பின்தொடர்ந்து போவது எப்படி என்று விரிவுரையில் சொல்லித் தருவார்கள்: ஆரிடம் பயின்றார், எந்தத் திணைக்களத்தில் இருந்தார், என்ன கட்டினார், எப்போ ஓய்வுபெற்றார். இந்தக் கேள்விகளுக்கு நன்றாகப் பதில் கிடைக்கிற ஆள் ஒருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பம் என்று யோசித்தோம். அப்படி ஒருவர் கிடைத்தார், அதுவும் அதே வருடங்களில்.

கோலாலம்பூரில் இரண்டு ஆறுகள் சந்திக்கிற இடத்தில் ஜாமெக் பள்ளிவாசல் இருக்கிறது. 1908 மார்ச்சில் அடிக்கல், 1909 டிசம்பரில் திறப்பு. அதுவும் சிவப்பு வெள்ளை வரி, அதுவும் இந்தோ-சரசனிக் பாணி. படத்தை மட்டும் பார்த்தால் எங்கட பள்ளியின் வசதியான மச்சான் என்று சொல்லலாம். அதை வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹபாக். 1871இல் லிவர்பூலில் பிறந்தவர், 1895இல் மலாயாவுக்கு வந்து பொதுவேலைத் திணைக்களத்தில் சேர்ந்தவர். 1910இன் கோலாலம்பூர் ரயில் நிலையம் அவருடையது. குவாலா கங்சாரில் உள்ள உபூதியா பள்ளிவாசல் அவருடையது. முதலாம் உலகப்போரில் பிரிகேடியர் ஜெனரலாக இருந்தார், 1948இல் இறந்தார். அவருடைய தம்பி தியடோரின் வரலாறுகூட இருக்கு, மலாயாவின் பெரிய தேசியப் பூங்கா உருவாகக் காரணமானவர் என்று. ஒருபக்கம் தம்பி வரைக்கும் தெரிகிறது, மறுபக்கம் ஒரு வரி.

சரி, ஹபாக் 'படித்தவர்' ஆனது எப்படி? லிவர்பூல் நகரக் கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் பயிலுநராக இருந்துதான். ஒருவருக்குக் கீழ நின்று, அவர் கீறுறதைப் பார்த்து, தானும் கீறிப் பழகிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள். கட்டடக் கலைஞர்களைப் பதிவு செய்கிற சட்டமே பிரித்தானியாவில் 1931இல்தான் வந்தது. 1908இல் இலங்கையில் கட்டடக்கலை படிக்க ஒரு கல்லூரியும் இல்லை. இல்லாத பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை என்று ஒருவரைக் குறை சொல்லுறது நல்ல நியாயந்தான்!

இங்கேயும் பழகுகிற முறை இருந்தது. மேசனுக்குக் கீழ கையாள், ஓடாவியாருக்குக் கீழ பொடியன். கொழும்பில் இன்றைக்கும் 'பாஸ்' என்று கூப்பிடுகிறோமே, அந்த பாஸ்மாரிடம் வேலை பழகினவர்கள் கட்டினதுதான் எங்கட வீடுகளில் பாதி. லிவர்பூலில் பழகினதற்குக் கடதாசி இருந்தது. இங்கே பழகினதற்கு இல்லை. 'படிக்காத' என்ற சொல் உண்மையில் கடதாசி இல்லாததைத்தான் சொல்லுகிறது என்பது எங்கட எண்ணம்.

பெயரையும் ஒருக்கா வடிவாப் பாருங்கோ. இலங்கை முஸ்லிம்களின் பெயர் வழமைப்படி முன்னுக்கு வருவது தகப்பன் பெயர், பின்னுக்கு வருவது சொந்தப் பெயர். அப்படிப் பார்த்தால் தகப்பன் ஹபீபு லெப்பை, மகன் சாய்பு லெப்பை. லெப்பை என்பது பள்ளிவாசலோடும், பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறதோடும் சேர்ந்து வந்த சொல். பிறகு அது வெறும் பெயரின் வாலாகவும் ஆகிவிட்டது, அதனால் இதை வைத்து அவர் குடும்பத்தை ஓதுகிற குடும்பம் என்று அடித்துச் சொல்ல ஏலாது. ஆனாலும் 'படிக்காதவர்' என்று எழுதப்படுகிற மனிதனின் பெயரில் இரண்டு தரம் படிப்பிக்கிறவருக்கான சொல் வருவதை ஆரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

அடுத்தது அந்தப் படங்கள். வியாபாரிகள் படம் காட்டினார்கள், அவர் பார்த்துக் கட்டினார் என்று வாசிக்கும்போது ஆளை ஒரு போட்டோகொப்பி மெசின் மாதிரி நினைக்கத் தோன்றும். அதே காலத்துக் கொழும்பைக் கொஞ்சம் யோசியுங்கோ. கோட்டையில் யோர்க் வீதியில் 1906இல் கார்கில்ஸ் கட்டடம் எழும்பிவிட்டது, சிவப்பு முகத்தோட. அதை வரைந்தவர் எட்வர்ட் ஸ்கின்னர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். அவரே வரைந்த விக்டோரியா நினைவுக் கண் ஆஸ்பத்திரிக்கு 1903இல் அடிக்கல் வைத்தார்கள். அதுவும் இந்தோ-சரசனிக் பாணிதான். புறக்கோட்டையில் வேலை செய்த ஒரு கட்டுநர் இவற்றையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டா கடந்து போயிருப்பார்? இது எங்கட ஊகம். ஆனால் பள்ளியின் முகப்பைப் பார்த்தால், இஸ்லாமிய வளைவுகளுக்கும் குவிமாடங்களுக்கும் நடுவில் ஐரோப்பியக் கொதிக், நியோகிளாசிக்கல் சாயல்களும் கலந்து கிடப்பது தெரியும். அதைப் படம் பார்த்து எழுதின எழுத்து என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. துறைமுக நகரம் ஒன்றில் கண் திறந்து நடந்தவரின் கை அது.

வரிகளையும் சொல்லவேணும். சுவரில் கிடையாகச் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று போவது லேசு. நூல் பிடித்தால் சரி. ஆனால் இந்தக் கட்டடத்தில் சுருள் வரி இருக்கு, கட்டம் கட்டமாகப் பிரித்த இடங்கள் இருக்கு. உருண்டையான தூணில் சுருளாக வரி ஏறவேணும் என்றால், சுற்றளவைச் சமபங்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரே அளவு தள்ளித் தள்ளிக் குறிக்கவேணும். ஒரு சுற்றில் விரலளவு பிழைத்தால் மேலே போகும்போது கோணல் எல்லாருக்கும் தெரியும். எங்களில் ஒருத்தி தண்ணிப் போத்தலில் டேப் ஒட்டிச் செய்து பார்த்தாள். மூன்றாவது சுற்றிலேயே கதை முடிந்தது. இந்தக் கணக்குத் தெரிந்தவருக்குப் படிப்பில்லை என்றால், படிப்பு என்ற சொல்லைத்தான் திரும்ப யோசிக்கவேணும்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கு. காசு போட்ட வியாபாரிகள் இந்திய முஸ்லிம்கள். அரசாங்கப் பதிவுகளில் அவர்கள் 'கோஸ்ட் மூர்', உள்ளூர்க்காரர் 'சிலோன் மூர்'. பேசினது இரண்டு பேரும் தமிழ்தான். முஸ்லிம்கள் இனத்தால் தமிழர் என்று பொன்னம்பலம் இராமநாதன் 1880களில் எழுதியதற்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் மறுப்பு எழுதி வெளியிட்டது 1907இல். அடுத்த வருடம் இந்தப் பள்ளியின் வேலை தொடங்குகிறது. முடிந்து ஆறு வருடத்தில், 1915 மே கடைசியில் கண்டியில் கலவரம் வெடித்துச் சில நாட்களில் கொழும்புக்கும் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதிகம் குறிவைக்கப்பட்டவர்கள் அந்தக் கரையோர வியாபாரிகள்தான். ஆர் உள்ளூர், ஆர் வெளியூர் என்ற சண்டைக்கு நடுவில்தான் இந்தக் கட்டடம் நின்றது, இன்னமும் நிற்கிறது. பயணக் கையேடுகளில் இதற்கு ஒரு வரியும் இல்லை, 'மிட்டாய் மாதிரி அழகு' என்பதோடு சரி.

தமிழ் பேசுகிற எங்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கு. யாழ் நூலகம் எரிந்தது எப்போ என்று கேட்டால் நித்திரையிலும் 1981 என்று சொல்லுவம். அதை வரைந்தவர் ஆர் என்று கேட்டால்? சென்னையிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் என்று சொல்லக்கூடியவர்கள் எங்கட வகுப்பிலேயே இரண்டு பேர்தான். அழித்தவர்களை நினைவில வைத்த அளவுக்குக் கட்டினவர்களை வைக்கவில்லை. சாய்பு லெப்பை விஷயத்தில் அந்த நினைப்பும் வரவில்லை, அவர் எங்கட கணக்கிலேயே இல்லை. எங்கட ஆள் இல்லை என்று தமிழர் விட்டோம், படிக்காதவர் என்று வரலாறு எழுதினவர்கள் விட்டார்கள்.

போன மாதம் பள்ளிக்கு எதிரே உள்ள துணிக்கடையில் விசாரித்தோம். கடை நானா பெயரைக் கேட்டுவிட்டு, "அது தெரியாது தங்கச்சி, கட்டின நேரம் இவ்வளவு பெரிசா ஏன் எண்டு சனம் கேட்டிருக்கும்" என்று சிரித்தார். சும்மா சொன்னதுதான், ஆனால் கணக்கு அதைத்தான் சொல்லுது. கட்டின காலத்தில் அங்கே தொழ வந்தவர்கள் ஐந்நூறு பேர் அளவில். கட்டினதோ ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு. மூன்று மடங்கு. இன்னும் வராத ஆயிரம் பேருக்கும் அந்த நெரிசல் தெருவில் இடம் போட்டு வைத்திருந்தார்கள். 1975இல் அதுவும் போதாமல் போய், பக்கத்துக் காணிகளை வாங்கி விரிவாக்கத் தொடங்கினார்கள். இப்போது பத்தாயிரம் பேர் தொழலாம்.